அயலார் பாடிய விசுவாசம்

தமிழ்ச் சினிமாவில் பிறந்து கிறிஸ்தவர்களின் நெஞ்சில் நிலைத்துவிட்ட பாடல்களை எழுதியவர்களும் அவற்றுக்கு மெட்டுப் போட்டவர்களும் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள் அல்லர். கண்ணதாசனும் எம். எஸ். விஸ்வநாதனும் இந்துக்கள். ஏ. ஆர். ரகுமான் இஸ்லாமியர். வைரமுத்து பகுத்தறிவு மரபில் வந்தவர். ஆகவே இந்தப் பாடல்களில் கேட்பது திருச்சபை தன்னைப் பற்றிச் சொன்ன செய்தி மாத்திரமல்ல. பக்கத்து வீட்டுக்காரர் அந்த விசுவாசத்தில் எதைக் கண்டார், எதை விரும்பினார், எதைக் காணத் தவறினார் என்பதும் அவற்றில் பதிந்திருக்கிறது. பல சமயத்தவர் ஒரே கூரையின் கீழ் வாழும் இடத்தில் இது சிறிய விடயம் அல்ல.

அப்படியான இடங்களில் ஒன்று பூண்டுலோயா. இலங்கை மலையகத்தின் நுவரெலியா மாவட்டத்தில் தலவாக்கலைக்கு அருகே, டன்சினன், ஷீன் போன்ற தேயிலைத் தோட்டங்கள் சூழ அமைந்த சிறு நகரம் அது. டன்சினன் என்ற பெயர் ஸ்கொட்லாந்தின் ஒரு குன்றுக்குரியது. ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகம் படித்தவர்களுக்குத் தெரிந்த குன்று. தோட்டங்களுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டிய துரைமார் தங்கள் கோயில்களையும் மலையகத்தில் கருங்கல்லால் கட்டினார்கள். தொழிலாளரிடையே மறை பரப்ப அங்கிலிக்கன் சபையின் சி.எம்.எஸ். அமைப்பு 1854இல் தொடங்கிய பணிக்குத் தமிழ்க் கூலி மிஷன் என்றே பெயர். அந்தப் பெயரில் உள்ள 'கூலி' என்ற சொல், யார் யாருக்குப் போதித்தார்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறது. கத்தோலிக்கம் கண்டி மறைமாவட்டத்தின் வழியாகவும், தென்னிந்தியாவிலிருந்து ஏற்கெனவே வேதக்காரராக வந்த குடும்பங்களின் வழியாகவும் தோட்டங்களுக்குள் வேர்விட்டது. மெதடிஸ்தரும், பின்னாளில் பெந்தகொஸ்தே சபையினரும் வந்தார்கள். ஆயினும் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பான்மையினர் இந்துக்களே. ஒரு காம்பராவின் சுவரில் மாரியம்மனும் அடுத்த காம்பராவின் சுவரில் வேளாங்கண்ணி மாதாவும் இருப்பது, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் இயல்பான காட்சி. நடுச்சுவர் மெல்லியது, அதன் மேற்பகுதி கூரைவரை எட்டாத லயங்களும் இருந்தன. ஒரு வீட்டு வானொலி பல வீடுகளுக்குப் பாடியது.

அந்த வானொலிதான் முதல் வழி. இந்தியாவில் 1952இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாடல்களை ஒதுக்கிவைத்தபோது, அவற்றைக் கேட்க விரும்பியவர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினார்கள். தமிழ்நாட்டுக்கே பாடல் அனுப்பிய நிலையம், தன் நாட்டுத் தோட்டங்களுக்கு அதைவிட அருகில் இருந்தது. தியேட்டர் இரண்டாவது வழி. கொழுந்து எடுத்து நிறுத்து, சம்பள நாள் வந்தபின், நகரத்துக்கு நடந்துபோய்ப் பார்த்த படங்கள் மாதக்கணக்கில் பேசப்பட்டன. பின்னர் ஒரு இரவுக்கு வாடகைக்கு எடுத்த தொலைக்காட்சிப் பெட்டியும் வீடியோ டெக்கும் வந்தன. பிரசங்கம் கேட்க வேதக்கோயிலுக்குப் போயே இராத ஒருவர், தேவமாதாவிடம் எப்படி மன்றாட வேண்டும் என்பதை இந்த வழிகளில் மனப்பாடமாக அறிந்திருந்தார்.

தொடக்கமாகக் கொள்ளத்தக்க படம் 'ஞானசௌந்தரி'. சிற்றன்னையின் கொடுமையால் இரு கைகளையும் இழந்து காட்டில் விடப்படும் ஓர் இளவரசி, தேவமாதாவை வேண்டி மீண்டும் கைகளைப் பெறும் கதை அது. மேடை நாடகமாகத் தமிழகத்திலும், கூத்தாக இலங்கையின் வட பகுதிக் கத்தோலிக்கரிடையிலும் ஏற்கெனவே ஊறியிருந்த கதை. 1948இல் சிட்டாடல் நிறுவனமும் ஜெமினி நிறுவனமும் அதைத் தனித்தனியே படமாக்கின. எஃப். நாகூர் இயக்கி, டி. ஆர். மகாலிங்கமும் எம். வி. ராஜம்மாவும் நடித்த சிட்டாடல் படமே வென்றது. எஸ். வி. வெங்கட்ராமன் இசையில் ஜிக்கியும் பி. ஏ. பெரியநாயகியும் பாடிய தேவமாதா பாடல், சிறுமியின் குரலில் தொடங்கி வளர்ந்த பெண்ணின் குரலில் தொடர்கிறது. ஒரு வாழ்நாள் முழுவதும் ஒரே மன்றாட்டு என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது. கைகளே பிழைப்பாக உள்ள பெண்களுக்கு இந்தக் கதை என்னவாகப் பட்டிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். கொழுந்து எடுப்பவளின் கை நின்றால் அந்த நாளின் பெயர், அதாவது நாட்கூலி, நின்றுவிடும். மாதாவின் அருளால் வெட்டுண்ட கைகள் திரும்பி வரும் என்ற கற்பனை அவளுக்குத் தூரத்து அரண்மனைச் செய்தி அல்ல. அதே 1948இல்தான் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது.

ஏழு ஆண்டுகள் கழித்து வந்த 'மிஸ்ஸியம்மா' வேறு வகை. வேலையில்லாத ஓர் இந்து இளைஞனும் ஒரு கிறிஸ்தவப் பெண்ணும் ஆசிரியர் வேலைக்காகக் கணவன் மனைவியாக நடிக்கிறார்கள். சாவித்திரி நடித்த அந்த மேரி, அந்நியர் வீட்டில் தனித்துவிடப்பட்ட வேளையில் மாதாவை நோக்கிப் பாடும் பாடலை பி. லீலா பாடினார். படம் நகைச்சுவைப் படம். அந்தப் பாடலில் நகைச்சுவை துளியும் இல்லை. கர்நாடக இசையின் சாயலில், ஓர் அம்மன் பாட்டுக்குரிய உருக்கத்தோடு அது அமைந்திருக்கிறது. ஆனால் கதை முடியும்போது மேரி உண்மையில் தொலைந்துபோன இந்துக் குழந்தை என்று தெரிகிறது. கிறிஸ்தவளாகவே அவளை மணமேடைக்கு அழைத்துச் செல்லும் துணிவு 1955இன் வணிகச் சினிமாவுக்கு இல்லை. இது அக்காலப் படங்களில் திரும்பத் திரும்ப நடக்கும். கிறிஸ்தவப் பெயர் வளர்ப்பால் வந்ததாக இருக்கும். பிறப்பு வேறாக இருக்கும். விரும்புவதும் விலக்கிவைப்பதும் ஒரே கதைக்குள் நிகழ்கின்றன.

'பாவ மன்னிப்பு' இந்தத் தந்திரத்தையே எடுத்து, அதை ஒரு விசாரணையாக மாற்றிய படம். ஏ. பீம்சிங் இயக்கத்தில் 1961இல் வந்தது. இந்துவாகப் பிறந்த ஒருவன் இஸ்லாமியர் வீட்டில் ரஹீமாக வளர்கிறான். இந்துவாகப் பிறந்த ஒரு பெண் கிறிஸ்தவரான ஜேம்ஸின் வீட்டில் மேரியாக வளர்கிறாள். ரஹீமைத் தொடர்ந்து துன்புறுத்தும் செல்வர், அவன் தன் சொந்த மகன் என்பதை அறியாதவர். அந்தச் செல்வர் ஏற்பாட்டில் வீசப்பட்ட அமிலத்தால் முகம் சிதைந்த பின்னும் மேரி ரஹீமை விட்டு விலகவில்லை. கத்தோலிக்கர் பாவசங்கீர்த்தனத்தோடு இணைத்துப் பேசும் சொல்லைப் படம் தன் பெயராக எடுத்துக்கொண்டாலும், மன்னிப்பு நடப்பது கோயிலுக்குள் அல்ல. வெறுத்தவனே தன் பிள்ளை என்று ஒரு தகப்பன் அறியும் இடத்தில் அது நடக்கிறது. ஜேம்ஸாக நடித்த சித்தூர் வி. நாகையாவைப் பற்றி ஒரு குறிப்பு அவசியம். அவர் அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன், 1950இல், 'ஏழை படும் பாடு' படத்தில் திருடனாகி மீண்ட கந்தனாக நடித்தவர். விக்டர் ஹ்யூகோவின் நாவலைச் சுத்தானந்த பாரதியார் தமிழாக்கியதைத் தழுவிய படம் அது. துரத்தும் இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்த சீதாராமனுக்கு அந்தப் பெயரே வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டது.

ஹ்யூகோவின் அந்த நாவலில், தன் வீட்டு வெள்ளிப் பாத்திரங்களைத் திருடி அகப்பட்டவனிடம், மெழுகுவர்த்தித் தண்டுகளை ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று கேட்டு அவற்றையும் கொடுத்தனுப்புகிறார் ஓர் ஆயர். தகுதி இல்லாதவனுக்கு, அவன் கேட்காமலே, அளவுக்கு மிஞ்சி வரும் இரக்கம். கிறிஸ்தவத்தின் நடுநரம்பு இது. இந்த நரம்பு ஓடும் கதையில் சிலுவை காட்டப்பட வேண்டிய அவசியம் இல்லை. இது இல்லாத கதையில் சட்டகத்துக்குச் சட்டகம் சிலுவை நின்றாலும் அது அரங்கப் பொருள்தான்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது தமிழில் மிக உயரத்தில் நிற்பது 1972இல் வந்த 'ஞான ஒளி'. பி. மாதவன் இயக்கினார், சிவாஜி கணேசன் அந்தோணியாக நடித்தார். அநாதையாகப் பாதிரியாரிடம் வளர்ந்த அந்தோணி, மகளைக் கெடுத்தவனை ஆத்திரத்தில் தாக்கி, கொலைக் குற்றவாளியாகிச் சிறை செல்கிறான். தப்பி, வேறு பெயரில், ஊருக்கு உதவும் செல்வராகத் திரும்புகிறான். பழைய நண்பனான பொலிஸ் அதிகாரி லாரன்ஸ், அந்தப் பெரிய மனிதருக்குள் இருக்கும் கைதியைத் தேடுகிறார். ஹ்யூகோவின் நிழல் இங்கேயும் உண்டு. ஆனால் படத்தின் உயிர் ஒரு பாடலில் இருக்கிறது. கோயிலுக்குள் வந்து நின்று, இறைவனைத் தன் பக்கம் திரும்பச் சொல்லி அந்தோணி பாடும் பாடல். கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன் இசையில் டி. எம். சௌந்தரராஜன் பாடியது.

அந்தப் பாடலில் புகழ்ச்சி குறைவு, முறையீடு அதிகம். மந்தையை விட்டு வழி பிரிந்துபோன ஆடுகள் என்ற நற்செய்திப் படிமம் அதில் வருகிறது. ஆனால் அங்கே மேய்ப்பன் ஆட்டைத் தேடிப் போகவில்லை. ஆடு மேய்ப்பனைத் தேடி வந்து நியாயம் கேட்கிறது. இதை அவபக்தி என்று எண்ணியவர்கள் இருந்திருக்கலாம். விவிலியத்தை அறிந்தவர்களுக்கு அப்படித் தோன்றக் காரணம் இல்லை. சங்கீதப் புத்தகத்தில் புலம்பல் பாடல்கள் ஏராளம்; எவ்வளவு காலம் முகத்தை மறைப்பாய் என்று கடவுளையே வழக்குக்கு இழுக்கும் பாடல்கள் அவை. யோபுவின் நூல் முழுதும் அப்படியான வழக்கு. ஞாயிற்றுக்கிழமைப் பூசையின் பாடல் ஏடுகளில் இந்தக் குரல் எப்போதும் மெலிந்தே ஒலித்து வந்திருக்கிறது. நன்றியும் துதியும் பாடப் பழகிய சபைக்குக் கோபத்தோடு செபிக்கத் தெரியவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தது ஒரு சினிமாப் பாட்டு என்பது திருச்சபை நன்றியோடு ஏற்க வேண்டிய உண்மை. லயத்தில் ஒரு சாவு விழுந்த வீட்டிலும், சம்பளம் இல்லாத வேலைநிறுத்தக் காலத்திலும், கடவுளிடம் பேச ஒரு மொழி வேண்டியிருக்கிறது. 'எல்லாம் நன்மைக்கே' என்ற வாக்கியம் அங்கே உதவாது.

அந்தப் பாடலை எழுதியவரின் பயணமும் கவனிக்கத்தக்கது. கண்ணதாசன் நாத்திக இயக்கத்தின் மேடைகளில் இருந்து வந்து, 'அர்த்தமுள்ள இந்துமதம்' எழுதியவர். தம் இறுதிக் காலத்தில் 'இயேசு காவிய'த்தையும் எழுதினார். திருச்சி கலைக்காவிரி அதை வெளியிட்டது. அவர் கிறிஸ்தவராகவில்லை. ஆக வேண்டும் என்று எவரும் எதிர்பார்த்திருக்கவும் கூடாது. இத்தாலியில் இதற்கு இணையான ஒரு நிகழ்வு உண்டு. மார்க்சியரும் நாத்திகருமான பசோலினி 1964இல் மத்தேயு நற்செய்தியை ஏறத்தாழ அதன் சொற்களாலேயே படமாக்கி, மறைந்த பாப்பரசர் இருபத்து மூன்றாம் அருளப்பரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். வத்திக்கான் 1995இல் வெளியிட்ட சிறந்த படங்களின் பட்டியலில் அந்தப் படமும் இடம்பெற்றது. வெளியே நிற்பவருக்குச் சில வேளை உள்ளே இருப்பவரைவிட நன்றாகத் தெரிகிறது.

மாதாவைப் பற்றிய படங்களில் 1971இன் 'அன்னை வேளாங்கண்ணி'க்குத் தனி இடம் உண்டு. கே. தங்கப்பன் இயக்கம், ஜி. தேவராஜன் இசை; ஜெமினி கணேசன், பத்மினி, ஜெயலலிதா எனப் பெரிய நடிகர் வரிசை. கலையாகப் பார்த்தால் அது புராணப் படங்களின் அச்சில் வார்த்தது. அற்புதம், கண்ணீர், மீண்டும் அற்புதம். ஆயினும் மலையகத்தில் அதன் பொருள் கூடுதலானது. வேளாங்கண்ணி கடலுக்கு அப்பால் இருக்கிறது. தோட்டத் தொழிலாளியின் முன்னோர் விட்டுவந்த கரையில் இருக்கிறது. போக முடியாத யாத்திரைத் தலத்தைத் திரை அருகில் கொண்டுவந்தது. மாதாவுக்கு நேர்த்தி வைப்பதில் இந்து, கிறிஸ்தவர் என்ற வேறுபாடு தமிழரிடையே எங்குமே அழுத்தமாக இருந்ததில்லை. மலையகத்தில் அது இன்னும் குறைவு.

கிறிஸ்துவின் வாழ்க்கையையே சொன்ன படங்களும் வந்தன. 'பாவ மன்னிப்பு' தந்த அதே பீம்சிங் தம் இறுதிக் காலத்தில் இயக்கிய தெலுங்குப் படம் 'கருணாமயுடு', 1978இல் வெளியானது. விஜயசந்தர் இயேசுவாக நடித்த அது 'கருணாமூர்த்தி' என்ற பெயரில் தமிழுக்கு வந்தது. மறைபரப்புக் குழுக்கள் புரொஜெக்டரும் வெள்ளைத் துணியுமாக ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டிய படம் அது. இயேசு இந்தியக் கிராமத்துச் சாயலில் தோன்றியது அதன் பலம்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. அதே காலத் தமிழ்ப் படங்களில் கள்ளக்கடத்தல்காரனின் அடியாளுக்கு மைக்கேல், பீட்டர், ராபர்ட் என்ற பெயர்களும், மதுக்கூடத்தில் ஆடுபவளுக்கு ரோசி, லில்லி என்ற பெயர்களும் வழக்கமாயின. கிறிஸ்தவர் ஒன்று அங்கி அணிந்த புனிதர், அல்லது சாராயப் போத்தலோடு நிற்கும் ஒருவர். பிரட்டுக்களத்தில் நின்று வேலைக்குப் பெயர் கொடுத்து, மாலையில் செபமாலை சொல்லி, பிள்ளையின் படிப்புக்குக் கடன் வாங்கும் ஒரு சாதாரணக் கிறிஸ்தவரைத் திரை அரிதாகவே கண்டது. திருச்சபைக்குள் இருக்கும் சாதியையும் அது பெரும்பாலும் தொடவில்லை. அயலார் பார்வையின் எல்லை இது. மெழுகுவர்த்தியும் மணியோசையும் பாதிரியாரின் வெள்ளை அங்கியும் தெருவிலிருந்து பார்த்தால் தெரியும். கணக்குவழக்கும் கசப்பும் தெரியாது.

தமிழ்ப் பாட்டை விட்டு விலகி, உலகப் பாட்டு ஒன்றை இங்கே கொண்டுவர வேண்டியிருக்கிறது. மலையக வரலாற்றோடு அதைப் போல் ஒட்டும் வேறொன்று இல்லை. 1978இல் போனி எம். குழுவினர் பாடி உலகெங்கும் ஆடவைத்த பாபிலோன் நதிகளைப் பற்றிய பாடல், அடிப்படையில் 137ஆம் சங்கீதம். ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழு அதை 1970இல் முதலில் பாடியது. ஆபிரிக்காவிலிருந்து கப்பலில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்த ரஸ்தஃபாரி மக்களுக்கு, பாபிலோன் என்பது தங்களைப் பிடித்து வைத்திருக்கும் உலகத்தின் பெயர். சிறைப்பட்டுப் போன யூதர் ஆற்றங்கரையில் அமர்ந்து அழுகிறார்கள். யாழ்களை மரங்களில் தொங்கவிடுகிறார்கள். உங்கள் ஊர்ப்பாட்டைப் பாடுங்கள் என்று பிடித்துவந்தவர்களே கேட்கிறார்கள். அந்நிய மண்ணில் எப்படிப் பாடுவது என்பதே சங்கீதத்தின் கேள்வி.

1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் விதி 1974இல் முடிவானது. எவரிடமும் விருப்பம் கேட்காமல் எண்ணிக்கை பேசப்பட்டது. மலைநாட்டு நிலையங்களில் ரயில் ஏறி, தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேஸ்வரம் இறங்கினார்கள். ஒரே லயத்தில் பிறந்தவர்களில் சிலர் நீலகிரியில் கூடலூர் போன்ற இடங்களுக்குப் போய், தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து எடுத்தார்கள். அங்கே அவர்களைச் சிலோன்காரர் என்றார்கள். இங்கே இந்தியக்காரர் என்றிருந்தார்கள். போனி எம். பாட்டு உலகெங்கும் ஒலித்த ஆண்டிலும் அந்தக் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது.

சங்கீதத்தில் தாயகம் எது என்பதில் சந்தேகம் இல்லை, சீயோன்தான். மலையகத் தமிழருக்கு அந்தத் தெளிவு கொடுக்கப்படவில்லை. திருப்பி அனுப்பப்பட்ட இடம் தாயகமா, பிறந்து வளர்ந்து பிடுங்கப்பட்ட இடம் தாயகமா? ஆடத்தக்க தாளத்தில் வந்ததால் அந்தப் பாட்டின் அழுகை மறைந்துவிட்டது என்று குறை சொல்வோர் உண்டு. அக்குறை பாதியே சரி. தப்புக்கும் உருமிக்கும் ஆடியபடியே சாவையும் சாமியையும் எதிர்கொண்ட மக்களுக்கு, தாளமும் துயரமும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் நிறுவிய சத்தியோதயம், தோட்ட மக்களின் உரிமையையும் வறுமையையும் விசுவாசத்தின் கேள்விகளாகவே எடுத்துக்கொண்டது. பாட்டில் கேட்ட சங்கீதத்தை வாழ்க்கையில் படித்தவர்கள் அப்படியானவர்கள்.

அண்மைக்கு வந்தால் இரண்டு படங்கள் நிற்கின்றன. ராஜீவ் மேனனின் 'மின்சாரக் கனவு' 1997இல் வந்தது. கன்னியாஸ்திரியாக விரும்பும் ஒரு பெண்ணைச் சுற்றிய காதல் கதை. இறுதியில் அவளை விரும்பிய இருவரில் ஒருவனான தாமஸ் குருவாகிறான். வைரமுத்து எழுதி, ரகுமான் இசையில் அனுராதா ஸ்ரீராம் பாடிய கிறிஸ்து பிறப்புப் பாடல் படத்தைத் தாண்டி வாழ்கிறது. தமிழ்ப் பாடகர் குழுக்கள் அதைக் கரோலாகவே எடுத்துக்கொண்டன. இலங்கைப் பாடசாலைகளில் மார்கழி ஒளிவிழாவுக்கு இவ்வகைப் பாடல்கள் பொருத்தமாக அமைகின்றன. ஒளிவிழாவில் தேவதூதராகச் சிறகு கட்டி நிற்பவர்கள் பலர் இந்துப் பிள்ளைகள். மரியாளாக அமர்பவளும் அப்படியே. நத்தார் அவர்களுக்கு வகுப்பறையில் தொடங்கி வகுப்பறையில் முடிகிறது. அதனால் அது பொய்யாகிவிடுவதில்லை. மாட்டுத்தொழுவத்தில் இடம் கிடைத்த குழந்தையின் கதை, பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் வளரும் பிள்ளைக்கு விளக்கம் இல்லாமலே விளங்குகிறது.

மணிரத்னத்தின் 'கடல்' 2013இல் வந்தபோது வணிகரீதியில் தோற்றது. ஆனால் ஜெயமோகன் எழுத்தில் அமைந்த அந்தப் படம் கேட்ட கேள்வி பெரிது. மீனவக் குடியிருப்பு ஒன்றுக்கு வரும் ஃபாதர் சாம், தீமையையே தெரிவு செய்துகொண்ட பெர்க்மான்ஸ், இருவருக்கும் நடுவே யாரும் இல்லாமல் வளர்ந்த தோமஸ். கைவிடப்பட்ட பையன் ஒருவனை ஒரு மனிதர் குளிப்பாட்டிச் சோறு போட்டுக் கூட வைத்துக்கொள்வதுதான் அங்கே நற்செய்தி. படத்தின் பின்பாதி தடுமாறுகிறது. ஆயினும் குருவானவர் அங்கியால் அல்லாமல் செயலால் அடையாளம் காணப்படுவதில், அது முந்திய பல படங்களைவிட முன்னே நிற்கிறது. மதன் கார்க்கி எழுதிய அதன் துதிப்பாடலும் ஆலயங்களுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

சினிமாவிலிருந்து கோயிலுக்குப் பாட்டு வருவதைப் பற்றிச் சபைகளில் தயக்கம் உண்டு. தயக்கத்துக்கு நியாயமும் உண்டு. திருப்பலி நேரம் திரைக்காட்சியை நினைவூட்டும் நேரமாகிவிடக் கூடாது. ஆனால் மக்களின் இசையை வாங்கிக்கொள்வது புதிய வழக்கம் அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் பணிசெய்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள், சிங்களத்தில் பசன் பாடல்களையும் தமிழில் 'வியாகுலப் பிரசங்க'த்தையும் ஆக்கி, உள்நாட்டு ஓசைக்குள் பாடுகளின் கதையை வைத்தார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கீர்த்தனையையும் குறவஞ்சியையும் கிறிஸ்தவமாக்கினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தாய்மொழி வழிபாட்டுக்குக் கதவு திறந்தபின் தமிழ்ப் பூசைக்குத் தமிழ் மெட்டு வந்தது. வாங்கியதோடு கொடுத்ததும் உண்டு. மணிலாவிலிருந்து சிற்றலையில் ஒலித்த வேரித்தாஸ் தமிழ்ப்பணியை இலங்கைத் தமிழர் ஆவலோடு கேட்ட போர்க்காலத்தில் அதை நடத்திய ஜெகத் கஸ்பர் அடிகளே, பின்னர் இளையராஜாவின் இசையில் 2005இல் திருவாசகம் வெளிவர முன்நின்றார். சைவத்தின் உருக்கத்தை ஒரு கத்தோலிக்கக் குரு உலகுக்கு எடுத்துச் சென்றது, கண்ணதாசனின் 'இயேசு காவியம்' போனதற்கு எதிர்த்திசைப் பயணம்.

விசுவாசிக்கு எஞ்சும் கேள்வி, இவற்றை எப்படிக் கேட்பது என்பதுதான். சினிமாவே பாவம் என்று வானொலியை நிறுத்தச் சொல்லும் வழி ஒன்று. அந்த வழியில் போகிறவர் கலப்பில்லாமல் இருக்கலாம். ஆனால் அயலாரின் மிகச் சிறந்த செபத்தைக் கேட்காமலே போவார். கண்ட இடத்திலெல்லாம் கிறிஸ்துவைக் காட்டி, மன்னிக்கும் கதாநாயகன் ஒவ்வொருவனையும் நம்முடையவன் என்று பெயர் பதியும் வழி இன்னொன்று. அது அன்பு போலத் தோன்றும் ஆக்கிரமிப்பு. மாரியம்மனை வணங்கும் ஒரு தாய் மாதா பாட்டைப் பாடும்போது, அவள் பாதி கிறிஸ்தவள் ஆகிவிடவில்லை. தன் முழு பக்தியோடும் அவள் அங்கே நிற்கிறாள். அதைக் கணக்கில் சேர்க்க முற்படுவது அவளையும் மாதாவையும் ஒருசேர இழிவுபடுத்தும்.

அப்போஸ்தலர் பவுல் ஏதென்ஸில் செய்தது மூன்றாவது வழி. அப்போஸ்தலர் பணி நூலின் 17ஆம் அதிகாரத்தில் அவர் கிரேக்கருக்கு அவர்களுடைய கவிஞரையே எடுத்துக்காட்டிப் பேசுகிறார். அக்கவிஞர் பாடியது சேயுஸ் தெய்வத்தை என்பது அவருக்குத் தெரியும். அதை மறைக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை; அவர்கள் சொன்னதில் உண்மை உண்டு என்று ஒப்புக்கொண்டு அங்கிருந்து தன் சாட்சியைத் தொடங்கினார். கேட்டவர்களில் சிலர் நகைத்தார்கள், சிலர் இன்னொரு நாள் கேட்போம் என்றார்கள், வெகு சிலரே சேர்ந்துகொண்டார்கள். ஒரு சினிமாப் பாடலை இந்த மனநிலையோடு கேட்கும்போது மூன்று விடயங்களைக் கேட்டுப் பார்க்கலாம். இரக்கம் தகுதி பார்க்காமல் வருகிறதா? துயரம் கடவுளின் முகத்துக்கு நேரே பேச அனுமதிக்கப்படுகிறதா? மிகச் சிறியவரின் பக்கம் நின்று கதை சொல்லப்படுகிறதா? 'ஞான ஒளி' முதல் இரண்டுக்கும் நிற்கும். 'கடல்' மூன்றாவதற்கும் நிற்கும்.

மூன்றாவது கேள்விக்கு மலையகத்தின் சொந்தத் திரையிடமிருந்து பதில் இன்னும் குறைவாகவே வந்திருக்கிறது. தோட்ட வாழ்வைத் தொட்ட 'தோட்டக்காரி' 1963இலும், தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' 1975இலும் வந்தன. உழைப்பும் உரிமையும் அவற்றில் பேசப்பட்டன. தேயிலை மலையில் ஒரு மனிதர் எதை நம்பி மறுநாள் எழுந்து பிரட்டுக்குப் போகிறார் என்பதை, அது மாரியம்மனானாலும் மாதாவானாலும், அந்த மக்களின் பேச்சிலேயே சொல்லும் பாட்டும் படமும் இனி பூண்டுலோயா போன்ற ஊர்களிலிருந்துதான் வர வேண்டும். கையில் தொலைபேசியோடு படம் எடுக்கப் பழகிய ஒரு தலைமுறை அங்கே இருக்கிறது. பாடல் எழுதத் தெரிந்தவர்களுக்கும் தப்பு வாசிப்பவர்களுக்கும் மலையகத்தில் என்றும் குறைவில்லை.